மாமாவின் 1965 மோரிஸ் மைனர் பிக்கப்பில் புது ஸ்டீரியோ: டேஷ்போர்டை வெட்டாமல் பொருத்த வழி சொல்லுங்கள்

கூலாய் மருமகன் | சனி, இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். நான் சிங்கப்பூரில் அங் மோ கியோவில் இருக்கிறேன். அம்மாவின் தம்பி, என் மாமா, மலேசியாவில் கூலாயில் இருக்கிறார். அவரிடம் 1965ஆம் ஆண்டு மோரிஸ் மைனர் பிக்கப் ஒன்று உண்டு, 1098 சிசி. தாத்தா மளிகைக் கடைக்காக வாங்கியது. தோட்டத்து லயங்களுக்கு அரிசியும் பருப்பும் தேங்காயும் அதில்தான் போகும். மாமாவுக்கு இப்போது 74 வயது. போன வருஷம் பின்பக்கப் பெட்டியில் துருப்பிடித்த தகடுகளை மாற்றி, பெயிண்ட் அடித்து, பிரேக் எல்லாம் பார்த்தாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரே ஓட்டிக்கொண்டு கோயிலுக்குப் போகிறார்.

அவர் என்னிடம் கேட்ட ஒரே விஷயம்: "மாப்ளே, ஓட்டும்போது ஒலி கேட்கணும், அவ்வளவுதான்." சிங்கப்பூர்த் தமிழ் வானொலியான ஒலி 96.8 அவர் வீட்டில் நாள் முழுக்க ஓடும்.

டேஷ்போர்டுக்குக் கீழே உள்ள தட்டில் பழைய ரேடியோமொபைல் பெட்டி தொங்குகிறது. மீடியம் வேவ், லாங் வேவ் மட்டும்தான், அதுவும் பல வருஷமாக ஊமை. இப்போது எனக்கு வேண்டியது எஃப்எம், போன் பாட்டுக்கு புளூடூத், தெளிவான சத்தம். கூடாதது ஒன்றே ஒன்று: டேஷ்போர்டில் கத்தி படக் கூடாது. நடுவில் அந்த வட்ட ஸ்பீடோமீட்டர், இரண்டு பக்கமும் சாமான் அறை, அந்த முகத்தைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை. கையில் 400 வெள்ளி ஒதுக்கியிருக்கிறேன். எங்கிருந்து ஆரம்பிக்க?

---

ஜூரோங் தம்பி | சனி, இரவு 10:05

ஒரு சின்ன புளூடூத் ஸ்பீக்கரை வாங்கி அந்தத் தட்டில் வைத்துவிடுங்கள் அண்ணே. வேலை முடிந்தது.

---

கூலாய் மருமகன் | சனி, இரவு 10:20

வைத்துப் பார்த்தேன் தம்பி. வளைவில் உருண்டு பெடலுக்குக் கீழே வந்து நின்றது, பயந்துவிட்டேன். அப்புறம் மாமாவுக்கு போனைத் தடவி நிலையம் தேடுவது பிடிக்காது. கையை நீட்டித் திருகினால் பாட வேண்டும் என்கிறார். 74 வயசில் வண்டி ஓட்டுகிறவர் போனைப் பார்க்காமல் இருப்பதுதான் எனக்கும் நல்லது.

---

உட்லண்ட்ஸ் வயர்மேன் | ஞாயிறு, காலை 7:15

தம்பி, ஸ்டீரியோ வாங்குவதற்கு முன்னால் ஒரு வேலை. பானட்டைத் திறந்து பேட்டரியின் எந்த முனை வண்டியின் உடம்போடு சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள். அந்தக் காலத்து பிரிட்டிஷ் வண்டிகளில் பெரும்பாலும் பிளஸ்தான் உடம்பில் இருக்கும். இன்றைக்கு விற்கும் எந்த ஸ்டீரியோவுக்கும் மைனஸ்தான் உடம்பு. இது தெரியாமல் கறுப்பு வயரை உடம்பிலும் சிவப்பு வயரை லைவிலும் கொடுத்தால் துருவம் மாறிப்போகும். ஃபியூஸ் மட்டும் போனால் அதிர்ஷ்டம், இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் போர்டே போய்விடும்.

பேட்டரியின் மேல் உள்ள குறியை மட்டும் நம்பாதீர்கள், யாராவது பெயிண்ட் பூசியிருப்பார்கள். மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். கூடவே பேட்டரிக்கு சார்ஜ் தரும் டைனமோ அப்படியே இருக்கிறதா, ஆல்டர்னேட்டர் மாற்றியிருக்கிறார்களா என்றும் பார்த்துச் சொல்லுங்கள்.

---

கூலாய் மருமகன் | அடுத்த ஞாயிறு, மாலை 6:30

இன்று காலை 5 மணிக்கே கிளம்பி உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியைத் தாண்டிவிட்டேன். மீட்டர் வைத்துப் பார்த்தாயிற்று. நீங்கள் சொன்னது சரி அண்ணே, பிளஸ்தான் உடம்பில் இருக்கிறது. லூகாஸ் டைனமோவும் அப்படியே இருக்கிறது. வண்டி நின்று இன்ஜின் மெதுவாக ஓடும்போது சிவப்பு சார்ஜ் விளக்கு மினுக்குகிறது. மாமா அது எப்போதும் அப்படித்தான் என்கிறார்.

---

தேக்கா பழைய ஆஸ்டின் | ஞாயிறு, இரவு 8:10

மருமகனே, பாசிட்டிவ் எர்த், அதாவது பிளஸ் உடம்பில் இருக்கும் வண்டியில் நான் பட்டதைச் சொல்கிறேன், நீங்கள் படக் கூடாது.

என்னிடம் முன்பு ஒரு ஆஸ்டின் இருந்தது. ஒரு கடையில் ஸ்டீரியோ மாட்டக் கொடுத்தேன். அவர்களும் விஷயம் தெரிந்தவர்கள்தான். ஸ்டீரியோவின் வெளித்தகடு மைனஸ், வண்டியின் உடம்பு பிளஸ், இரண்டும் தொடக் கூடாது என்று மரப்பலகையில் வைத்து ரப்பர் கொடுத்து அழகாக மாட்டினார்கள். ஒரு மாதம் பாடியது. அப்புறம் ஒரு நாள் ஏரியலை மாற்றினேன். புது ஏரியலின் அடி நட்டு ஃபெண்டர் தகட்டில் நன்றாகக் கடித்து உட்கார்ந்தது. ஏரியல் கேபிளின் வெளி வலை ஒரு முனையில் ஃபெண்டரைத் தொடுகிறது, மறுமுனையில் ஸ்டீரியோவின் தகட்டைத் தொடுகிறது. பிளஸ்ஸும் மைனஸும் அந்தக் கேபிள் வழியாக நேராகச் சந்தித்துவிட்டன. சாவியைத் திருப்பியதும் டேஷ்போர்டுக்குப் பின்னாலிருந்து புகை. பேட்டரி வயரைக் கையால் பிடுங்கித்தான் நிறுத்தினேன், விரலில் இன்னும் தழும்பு இருக்கிறது.

பலகையில் வைத்தால் போதும் என்று யாராவது சொன்னால், ஏரியலை என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேளுங்கள்.

---

ஈசூன் அக்கா | ஞாயிறு, இரவு 9:00

இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது அண்ணே, நன்றி. நான் எலெக்ட்ரானிக்ஸ் பழுதுபார்க்கும் வேலையில் 22 வருஷமாக இருக்கிறேன். தம்பிக்கு இருக்கும் வழிகளைச் சொல்கிறேன்.

தனி பேட்டரி வைப்பது முதல் வழி. அலாரம் பெட்டிகளில் வரும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரியை சீட்டுக்குப் பின்னால் வைத்து, ஸ்டீரியோவை அதோடு மட்டும் இணைப்பது. வண்டியின் வயரிங்கை எங்கேயும் தொட வேண்டாம். ஒன்றரை ஆம்பியர் இழுத்தால் நாலு மணி நேரம் பாடும். வீட்டில் சார்ஜ் போட வேண்டும். மாமா மறந்துவிடுவார்.

பேட்டரிக்கும் ஸ்டீரியோவுக்கும் நடுவில் ஒரு மின்சார மாற்றியை (கன்வெர்ட்டர்) போடுவது இன்னொரு வழி. உள்ளே வருவதும் வெளியே போவதும் முற்றிலும் பிரிந்திருக்கிற வகைதான் வேண்டும். கடையில் சல்லிசாகக் கிடைக்கும் மாற்றிகளில் மைனஸ் இரண்டு பக்கமும் ஒன்றாகவே இருக்கும், அது உங்களுக்கு உதவாது. நல்லதாக வாங்கினாலும் அது எழுப்பும் இரைச்சல் எஃப்எம்மில் கேட்கும். மாமா கேட்பதே எஃப்எம்தான்.

கடைசி வழி, வண்டியையே மைனஸ் எர்த்துக்கு மாற்றிவிடுவது. என் ஓட்டு அதற்குத்தான். ஆனால் அது ஒரு நாள் வேலை, ஒவ்வொரு பாகத்தையும் பார்த்துச் செய்ய வேண்டும்.

---

மூல வடிவம் | ஞாயிறு, இரவு 9:45

மாற்றாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். 60 வருஷமாக ஒரு மாதிரி ஓடிய வண்டி. ஒரு ரேடியோவுக்காக மொத்த மின்சாரத்தையும் திருப்பிப் போட வேண்டுமா? தாத்தா வாங்கியபோது இருந்த மாதிரி இருப்பதுதான் அதன் மதிப்பு. பிற்காலத்தில் யாராவது ஒரு ஃபோர்மேன் (மெக்கானிக்) பழைய புத்தகத்தைப் பார்த்து பேட்டரியை மாட்டினால் என்ன ஆகும்?

---

உட்லண்ட்ஸ் வயர்மேன் | திங்கள், காலை 6:50

கடைசிக் கேள்வி நியாயமானது. அதற்கு ஒரு தகடு போதும். "மைனஸ் எர்த்" என்று தமிழிலும் மலாயிலும் எழுதி பேட்டரிக்குப் பக்கத்தில் திருகிவிடுங்கள்.

மற்றபடி, மாற்றுவதில் பயப்பட ஒன்றும் இல்லை. என்ன மாறும், என்ன மாறாது என்று தெரிந்தால் போதும். பல்பு எதற்கும் துருவம் கிடையாது. ஸ்டார்ட்டர் மோட்டாரிலும் பழைய வைப்பர் மோட்டாரிலும் உள்ளே காந்தக்கல் இல்லை, சுருள்தான் காந்தமாகிறது. துருவத்தை மாற்றினாலும் அவை அதே பக்கம்தான் சுற்றும். ஹாரன் அப்படியே அடிக்கும். கவனிக்க வேண்டியவை நாலு.

டைனமோ: அதன் இரும்பில் பழைய துருவக் காந்தம் தங்கியிருக்கும். அதைப் புதுத் துருவத்துக்குப் பழக்க வேண்டும். பேட்டரியைப் புது மாதிரி மாட்டிய பிறகு, டைனமோவின் இரண்டு வயர்களையும் கழற்றிவிட்டு, பேட்டரியின் லைவ் முனையிலிருந்து ஒரு வயரை எடுத்து டைனமோவின் சின்ன முனையில், அதாவது 'எஃப்' முனையில், மூன்று நாலு தடவை தொட்டுத் தொட்டு எடுங்கள். சின்னப் பொறி வரும். பிடித்துக்கொண்டே நிற்காதீர்கள். இதைச் செய்யாமல் இன்ஜினை ஓட்டினால் டைனமோவை பேட்டரியோடு சேர்த்துப் பிரிக்கும் கட்-அவுட் பெட்டியின் காண்டாக்ட் கருகிப்போகும்.

காயில் (ப்ளக் பொறிக்கு மின்சாரம் தருவது): இரண்டு சின்ன வயர்களையும் இடம் மாற்றுங்கள். மாற்றாவிட்டாலும் வண்டி ஓடும், ஆனால் ப்ளக்கில் பொறி பலவீனமாக இருக்கும். ப்ளக்கின் நடு முனை சூடாக இருக்கும், அங்கிருந்து பொறி கிளம்பினால் குறைந்த வோல்டேஜ் போதும். துருவம் தலைகீழானால் ஆறிய பக்கத்திலிருந்து கிளம்ப வேண்டும், அதற்குக் கூடுதல் வோல்டேஜ் கேட்கும்.

எஸ்யூ பெட்ரோல் பம்ப்: பழைய காண்டாக்ட் வகை என்றால் துருவம் பார்க்காது. பிற்காலத்தில் மாற்றிய பம்பாக இருந்தால் உள்ளே டையோடு இருக்கலாம், அது பார்க்கும். மூடியைத் திறந்து பாருங்கள். இன்ஜின் ஆறியிருக்கும்போது, பேட்டரியைக் கழற்றிவிட்டுத் திறங்கள்.

பேட்டரி கிளாம்ப்: இதை யாரும் சொல்ல மாட்டார்கள். பேட்டரியில் பிளஸ் முனை தடி, மைனஸ் முனை ஒல்லி. உங்கள் எர்த் கிளாம்ப் தடி முனைக்குச் செய்தது. அதை மைனஸில் மாட்டினால் ஆடும். தகரத்தைச் சுற்றி இறுக்காதீர்கள், இரண்டு கிளாம்பையும் புதிதாக வாங்குங்கள்.

---

ஜூரோங் தம்பி | திங்கள், காலை 8:30

குறுக்கே ஒரு கேள்வி. இவ்வளவு செய்கிறவர் வண்டியை சிங்கப்பூருக்கே கொண்டுவந்துவிடலாமே?

---

உட்லண்ட்ஸ் வயர்மேன் | திங்கள், காலை 8:55

இங்கே சரக்கு வண்டிக்கு ஆயுள் 20 வருஷம்தான் தம்பி. அதனால்தான் நம் தெருவில் பழைய கார் கண்ணில் படும், பழைய பிக்கப் படாது. அது கூலாயில் நிம்மதியாக இருக்கட்டும்.

---

கூலாய் மருமகன் | திங்கள், இரவு 9:15

மாமாவிடம் பேசினேன். 'மூல வடிவம்' சொன்னதையும் சொன்னேன். அவர் சொன்னார்: "அப்பா இருந்திருந்தா அவரே மாத்தியிருப்பார்டா. அவர்தான் கைராந்தலை எடுத்துட்டு கடைக்கு டியூப்லைட் போட்டவரு." மாற்றுவது என்று முடிவு.

இப்போது ஸ்டீரியோ. பெட்டியில் 50 வாட் வீதம் நாலு ஸ்பீக்கர் என்று போட்டிருக்கிறது. இந்த டைனமோ தாங்குமா?

---

உட்லண்ட்ஸ் வயர்மேன் | செவ்வாய், காலை 7:05

கணக்குப் போட்டுவிடலாம். உங்கள் டைனமோ நல்ல நிலையில் இருந்தால் 22 ஆம்பியர் கொடுக்கும். மழை இரவை நினைத்துக்கொள்ளுங்கள். ஹெட்லைட் டிம்மில் இரண்டும் சேர்த்து ஏறக்குறைய 90 வாட், பின்விளக்கு, பக்கவிளக்கு, நம்பர் விளக்கு எல்லாம் ஒரு 25 வாட், ஆக 9.5 ஆம்பியர். காயிலும் பம்பும் 4 அல்லது 5. வைப்பர் 3. மொத்தம் 17. மிச்சம் 5 ஆம்பியர். அதுவும் இன்ஜின் நன்றாகச் சுற்றும்போதுதான். சிவப்பு விளக்கு மினுக்குகிறது என்றீர்களே, அந்த நேரத்தில் டைனமோ எதுவும் கொடுப்பதில்லை, எல்லாம் பேட்டரியிலிருந்துதான் போகிறது. மழையில் ஜாமில் மாட்டினால் ஸ்டீரியோ தின்பது முழுக்க பேட்டரியின் சொத்து.

பெட்டியில் எழுதியிருக்கும் 50 வாட் ஒரு கண நேரத்து உச்சம். சாதாரணமாகப் பாட்டுக் கேட்க 2, 3 ஆம்பியர் போதும். அதைத் தாண்ட வேண்டாம். சீட்டுக்கு அடியில் பெரிய ஆம்ப்ளிஃபையர், சப்-வூஃபர் என்று யார் சொன்னாலும் காதில் வாங்காதீர்கள்.

ஃபியூஸ் பெட்டியையும் பாருங்கள். லூகாஸ் கண்ணாடி ஃபியூஸில் 35 என்று இருந்தால், 35 ஆம்பியரில் எரிந்துபோகும் என்று அர்த்தம். தொடர்ந்து தாங்குவது 17தான். இன்றைய ஃபியூஸில் எழுதும் எண் தொடர்ந்து தாங்கும் எண். எண் ஒன்றாக இருக்கிறதே என்று இன்றைய 35ஐ அங்கே போட்டால் ஃபியூஸ் நிற்கும், வயர் எரியும். ஸ்டீரியோவுக்கு பேட்டரியிலிருந்தே தனி வயர் இழுங்கள், 2.5 சதுர மில்லிமீட்டர். பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 7.5 ஆம்பியர் ஃபியூஸ். ரிலே ஒன்று வைத்து, சாவி போட்டால்தான் மின்சாரம் வரும்படி செய்யுங்கள். வாரத்தில் ஆறு நாள் நிற்கும் வண்டி. ஸ்டீரியோவில் எப்போதும் லைவில் இருக்கும் மஞ்சள் வயர் சொட்டுச் சொட்டாக பேட்டரியைக் காலி செய்யும்.

---

ஈசூன் அக்கா | செவ்வாய், இரவு 8:40

தம்பி, புது ஸ்டீரியோவை எங்கே வைக்கப் போகிறீர்கள் என்று யோசித்தீர்களா? சாதாரண ஸ்டீரியோ முகம் 18 சென்டிமீட்டர் அகலம், 5 சென்டிமீட்டர் உயரம். மைனரில் அதற்கு இடமே இல்லை. தட்டுக்குக் கீழே தொங்கவிட்டால் நீல விளக்கு மினுமினுத்து அந்த அழகான உள்பக்கத்தைக் கெடுக்கும்.

என் யோசனை: பழைய ரேடியோமொபைல் பெட்டி அதே இடத்தில் இருக்கட்டும். உள்ளே இருப்பதை மட்டும் எடுத்துவிட்டு, எஃப்எம்மும் புளூடூத்தும் உள்ள ஒரு சின்ன போர்டையும் ஆம்ப்ளிஃபையர் ஐசியையும் அந்தக் கூட்டுக்குள் வைக்கலாம். இடது திருகில் ஆன்-ஆஃப்பும் சத்தமும், வலது திருகில் நிலையம். மாமா கேட்டதும் இதுதானே, கையை நீட்டித் திருகினால் பாட வேண்டும்.

ஆம்ப்ளிஃபையரில் டி வகை சூடாகாது, மின்சாரமும் குறைவு. ஆனால் விலை குறைந்தவை எஃப்எம் ஏரியலுக்குப் பக்கத்தில் இருந்தால் உஸ்ஸென்று இரையும். ஏபி வகை எடுத்து, கூட்டின் அலுமினியத் தகட்டையே சூடு தணிக்கப் பயன்படுத்துங்கள். சிம் லிம் டவரில் எல்லாம் கிடைக்கும். சுங்கே ரோடு பழைய சாமான் சந்தை 2017இல் மூடாமல் இருந்திருந்தால் பழைய திருகுக் குமிழ்கூட அங்கேயே தேடியிருக்கலாம்.

---

மூல வடிவம் | செவ்வாய், இரவு 9:30

அக்கா, கூட்டைத் திறப்பதற்கு நான் மறுப்புச் சொல்லவில்லை. ஆனால் உள்ளே இருப்பதை எறியாதீர்கள். ஒவ்வொரு வயரையும் வெட்டும் முன் படம் எடுத்து, மொத்தத்தையும் ஒரு டப்பாவில் போட்டு வண்டியோடு வையுங்கள். நாளைக்கு வேறொருவருக்கு அந்த ரேடியோவையே பாட வைக்க வேண்டும் என்று தோன்றலாம். இதை உண்மையான ஆசையோடு கேட்கிறேன்.

---

ஈசூன் அக்கா | செவ்வாய், இரவு 9:42

நிச்சயம். வெட்டவே வேண்டாம், ஈயத்தை உருக்கிக் கழற்றிக்கொள்ளலாம். தம்பி, பெட்டியை அடுத்த முறை இங்கே எடுத்து வாருங்கள். போர்டு வேலையை நானே மேசையில் செய்து தருகிறேன். சாமான் காசு மட்டும் கொடுத்தால் போதும்.

---

கூலாய் மருமகன் | இரண்டு வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 10:10

அக்காவுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. பெட்டி தயார், வீட்டு மேசையில் பாடுகிறது.

இன்று துருவ மாற்றம் செய்தோம். நானும் மாமாவும் அவருடைய பழைய ஃபோர்மேனும். காலையில் முதல் வேலையாகப் பம்ப் மூடியைத் திறந்தோம், பழைய காண்டாக்ட் வகைதான், டையோடு இல்லை. புது கிளாம்ப் இரண்டும் மாட்டினோம். மைனஸ் கேபிள் உடம்பில் சேரும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டித் தகட்டைப் பளபளப்பாக்கி, கிரீஸ் தடவி இறுக்கினோம். அந்த ஒரு வேலையிலேயே ஸ்டார்ட்டர் முன்பைவிட வேகமாகச் சுற்றுகிறது. பழைய எர்த் இணைப்பு அவ்வளவு கெட்டுக் கிடந்திருக்கிறது.

டைனமோவைப் பழக்கும்போது எனக்குக் கை நடுங்கியது. மாமாதான் வயரை வாங்கிக்கொண்டு நாலு தடவை தொட்டார். இன்ஜினை ஓட்டி வேகத்தைக் கூட்டியதும் சிவப்பு விளக்கு அணைந்தது. பேட்டரியில் மீட்டர் 13.9 காட்டியது. "மைனஸ் எர்த்" தகடும் மாட்டியாகிவிட்டது, தமிழ் எழுத்து மாமாவின் கைப்பட.

அப்புறம் ரேடியோவை மாட்டினோம், ஒலி வந்தது. ஆனால் பாட்டோடு டிக் டிக் டிக் என்று ஒரு சத்தம். இன்ஜின் ஓடும்போது அதோடு கிர்ரென்று ஒரு இழுப்பு, வேகம் கூடக்கூட அதுவும் உயர்கிறது. மாமா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் சத்தத்தைக் குறைத்துவிட்டார். எனக்கு அது பொறுக்கவில்லை.

---

உட்லண்ட்ஸ் வயர்மேன் | திங்கள், காலை 6:40

நல்ல வேலை செய்திருக்கிறீர்கள். சத்தத்தைப் பிரித்துப் பார்ப்போம். சாவியை மட்டும் போட்டு, இன்ஜினை ஓட்டாமல் கேளுங்கள். டிக் டிக் வருகிறதா? கொஞ்ச நேரத்தில் மெதுவாகி நின்றுவிடுகிறதா?

---

கூலாய் மருமகன் | திங்கள், காலை 7:30

மாமாவுக்கு போன் போட்டுப் பார்க்கச் சொன்னேன். ஆமாம், முதலில் வேகமாக, அப்புறம் மெதுவாக, பிறகு நின்றுவிடுகிறதாம்.

---

உட்லண்ட்ஸ் வயர்மேன் | திங்கள், காலை 7:45

அப்படியானால் அது பெட்ரோல் பம்ப். கார்பரேட்டர் கிண்ணம் நிறைந்ததும் பம்ப் நிற்கிறது, சத்தமும் நிற்கிறது. காண்டாக்ட் திறக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு பொறி, அது ரேடியோவில் ஒரு டிக். ரேடியோவின் மின்சாரத்தை எங்கிருந்து எடுத்தீர்கள்?

---

கூலாய் மருமகன் | திங்கள், மதியம் 12:50

தவறு என்னுடையதுதான். பேட்டரியிலிருந்து தனி வயர் இழுக்க நேரமில்லாமல், தற்காலிகமாக என்று ஃபியூஸ் பெட்டியில் சாவி போட்டால் வரும் முனையிலிருந்தே எடுத்தேன். பம்பும் அங்கிருந்துதான் போகிறது.

---

உட்லண்ட்ஸ் வயர்மேன் | திங்கள், மாலை 6:20

முதலில் அதை மாற்றுங்கள், டிக் டிக் சத்தத்தில் பாதிக்கு மேல் போய்விடும். கிர்ரென்ற இழுப்பு டைனமோ. அதன் பெரிய முனையான 'டி'யிலிருந்து உடம்புக்கு 1 மைக்ரோஃபாரட் சப்ரெஸர் கெபாசிட்டர் ஒன்று போடுங்கள். தயவுசெய்து சின்ன முனையான 'எஃப்'பில் போட்டுவிடாதீர்கள், ரெகுலேட்டர் காண்டாக்ட் எரிந்துபோகும். காயிலில் சாவியிலிருந்து வரும் வயர் சேரும் முனைக்கும் அதே மாதிரி ஒன்று. ப்ளக் தொப்பிகளை 5 கிலோ-ஓம் ரெசிஸ்டர் உள்ளவையாக மாற்றுங்கள். கெபாசிட்டரின் உடம்பு வண்டித் தகட்டில் வெறும் இரும்பைத் தொட வேண்டும், பெயிண்ட் மேல் உட்கார்ந்தால் பயன் இல்லை.

---

தேக்கா பழைய ஆஸ்டின் | திங்கள், இரவு 8:00

ஸ்பீக்கர் எங்கே வைத்தீர்கள்? அந்தச் சின்ன கேபினில் பின்சுவரில் மாட்டினால் தலைக்குப் பின்னாலேயே கத்தும்.

---

கூலாய் மருமகன் | திங்கள், இரவு 8:35

கால் வைக்கும் இடத்தில் இரண்டு பக்கச் சுவரிலும் வைத்தேன் அண்ணே. தண்ணீர் தாங்கும் 9 மில்லிமீட்டர் பிளைவுட்டில் ஆளுக்கொரு பலகை வெட்டி, பழைய அட்டை இருந்த அதே திருகு ஓட்டைகளில் பிடித்திருக்கிறேன். 13 சென்டிமீட்டர் ஸ்பீக்கர். ஆக்ஸிலேட்டர் பக்கம் மட்டும் பலகையைக் கொஞ்சம் முன்னால் தள்ளினேன், மாமா செருப்போடு உட்கார்ந்து மூன்று தடவை மிதித்துப் பார்த்த பிறகுதான் திருகை இறுக்கினேன்.

இன்னொன்று. மாமாவுக்கு வலது காது மந்தம். 50 வருஷமாக வலது ஜன்னலைத் திறந்துபோட்டு லாரி ஓட்டியவர். ஸ்டீரியோவில் வலப்பக்கம் வரும் வாத்தியம் அவருக்குக் கேட்பதே இல்லை. இடமும் வலமும் சேர்ந்து இரண்டு ஸ்பீக்கரிலும் வரும்படி செய்யலாமா? வயரை ஒன்றாக முறுக்கிவிட்டால் போதுமா?

---

ஈசூன் அக்கா | திங்கள், இரவு 8:50

முறுக்காதீர்கள்! ஸ்பீக்கர் வயர்களை ஒன்றாகச் சேர்த்தால் ஆம்ப்ளிஃபையர் ஐசி ஒன்றோடு ஒன்று மோதி எரிந்துவிடும். சேர்ப்பதை ஆம்ப்ளிஃபையருக்கு முன்னால் செய்ய வேண்டும், போர்டிலிருந்து சின்ன சிக்னல் வரும் இடத்தில். இடத்துக்கு ஒன்று, வலத்துக்கு ஒன்று என்று 1 கிலோ-ஓம் ரெசிஸ்டர் வைத்து, அவை சந்திக்கும் புள்ளியிலிருந்து இரண்டு ஆம்ப்ளிஃபையர் நுழைவுக்கும் கொடுத்தால் போதும். பெட்டியைக் கொண்டு வாருங்கள், பத்து நிமிஷ வேலை. மாமா கேட்கும் பாட்டில் பெரும்பாலானவை ஒரே தடத்தில் பதிவு செய்த காலத்தவை, அவர் எதையும் இழக்கப் போவதில்லை.

அப்புறம், கதவிலும் தரையிலும் அதிர்வு தணிக்கும் பியூட்டைல் ஷீட் ஒட்டினீர்களா? அந்த வண்டியில் தகடுதான் பாதிச் சத்தம். 20 வாட் கூட்டுவதைவிட இரண்டு கிலோ ஷீட் நல்லது. கதவின் அடியில் தண்ணீர் வடியும் ஓட்டையை மட்டும் மூடிவிடாதீர்கள், இல்லாவிட்டால் உள்ளிருந்தே துருப்பிடிக்கும்.

---

கூலாய் மருமகன் | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 9:25

முடிந்தது. தனி வயர், ரிலே, ஃபியூஸ் எல்லாம் அண்ணன் சொன்னபடி. கெபாசிட்டர் இரண்டும் போட்டேன். இழுப்புச் சத்தம் சுத்தமாகப் போய்விட்டது. டிக் மட்டும் ஏரியலைக் கீழே இறக்கிவிட்டால் மெல்லக் கேட்கிறது, ஏற்றினால் இல்லை. இடமும் வலமும் சேர்த்தாயிற்று. தரைக்கும் கதவுக்கும் ஷீட் ஒட்டினேன். கதவை மூடும்போது முன்பு தகர டப்பா சத்தம் வரும், இப்போது கனமாக மூடுகிறது.

இன்று காலை ஆறரைக்குக் கோயிலுக்குக் கிளம்பினோம். மாமா சாவியைப் போட்டார், இடது திருகைத் திருப்பினார், டயல் விளக்கு மஞ்சளாக எரிந்தது, ஒலியில் பக்திப் பாட்டு. பழைய கடை இருந்த சந்தில் வண்டியை நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு, பாட்டு முடியும் வரைக்கும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு வலது பக்கம் குனிந்து, "இந்த வீணை முன்ன எனக்குக் கேட்டதே இல்லடா" என்றார். அக்கா, அந்த இரண்டு ரெசிஸ்டருக்காக அவர் உங்களுக்கு ஒரு பை தேங்காய் கொடுத்தனுப்பியிருக்கிறார்.

'மூல வடிவம்' அண்ணனுக்கு: பழைய உள்பாகங்கள் பிஸ்கட் டப்பாவில், படங்களோடு, சீட்டுக்குப் பின்னால் இருக்கின்றன. வண்டியில் புதிதாக ஓட்டை ஒன்றுகூடப் போடவில்லை.

---

மூல வடிவம் | ஞாயிறு, இரவு 9:50

படித்து மனசு நிறைந்துவிட்டது. துருவத்தை மாற்றுவது பற்றி நான் பயந்தது தேவையில்லை என்று ஒப்புக்கொள்கிறேன். என் வண்டியிலும் செய்யலாமா என்று யோசிக்கிறேன். ஏரியல் எவ்வளவு நீளம் வைத்தீர்கள்?

---

கூலாய் மருமகன் | ஞாயிறு, இரவு 10:05

77 சென்டிமீட்டர் அண்ணே. 96.8க்கு கால் அலை நீளம் அது, 75ஐ 96.8ஆல் வகுத்தால் மீட்டரில் வரும். பழைய ஏரியலின் ஓட்டையிலேயே இழுத்து நீட்டும் வகை ஒன்றை மாட்டி, 77இல் ஒரு சிவப்பு டேப் சுற்றியிருக்கிறேன். அதுவரை இழுக்கச் சொல்லியிருக்கிறேன் மாமாவை. அடியில் பெயிண்டைச் சுரண்ட மறக்காதீர்கள்.